எதுக்கும் சாரும் எழுந்திருக்காத உள்மெஷினும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் பட்டறையில் ‘எதுக்கும் சார்’ என்று பெயர். வைத்தது நான்தான், மறைத்துப் பேசுவானேன்? “எதுக்கும் இன்னொன்னு இருக்கட்டும்” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

காலையில் கிளம்பும்போது கதவைப் பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அக்கா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தெருவே கேட்கக் கத்தியதிலிருந்து திரும்பி வருவதை விட்டுவிட்டார். இப்போது பூட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அவர் போனில் பெற்ற பெண்ணின் படத்தைவிடப் பூட்டின் படம்தான் அதிகம். பையில் இரண்டு குடை. மூக்குக்கண்ணாடி இரண்டு, அந்த இரண்டும் உடைந்தால் போட்டுக்கொள்ள மூன்றாவது ஒன்று. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிற வீட்டில் மூன்று வாளி நிரம்பி நிற்கும். கால் வைக்க இடமில்லாமல் சுவரை ஒட்டி நின்று குளிக்க வேண்டும்.

“இருபத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துறேன். எனக்கு மட்டும் இன்னும் மாத்து ஏற்பாடு பண்ணல. அதுவரைக்கும் புண்ணியம்” என்பாள் அக்கா. மாமா அதற்குச் சிரிக்க மாட்டார். யோசிப்பார். அதுதான் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

எங்கள் பட்டறை செயற்கைக் கால் செய்கிற இடம். வாசலில் வரவேற்பு மேஜை, அதை அடுத்து நான் மாவுக்கட்டு போடுகிற அறை, அப்புறம் இருபுறமும் கைப்பிடிக் கம்பி போட்ட நடைக்கூடம், கடைசியில் பிளாஸ்டிக் உருக்குகிற அடுப்பும் கடைசல் மெஷினும் இருக்கிற பெரிய அறை. வருகிறவரின் மீதிக் காலில் ஈர மாவுத்துணியைச் சுற்றி அச்சு எடுப்பது என் வேலை. அந்த அச்சை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், கடைசல் மெஷின் ஒரு நுரைக்கட்டையைச் சீவி அதே வடிவத்தைச் செய்து கொடுக்கும். அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தி ஆறவிட்டால் கால் நுழைகிற கூடு தயார். ஸ்கேன் முடிந்ததும் மாவு அச்சை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். “எதுக்கும் வச்சிருப்போமே” என்று மாமா கெஞ்சி ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். நடைக்கூடத்தில் ஆள் நடக்க வழியில்லாமல் போய்விட்டது.

மாமாவின் பொறுப்பு கம்ப்யூட்டர்கள். கடைசல் மெஷின் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. விற்ற கம்பெனியே இப்போது இல்லை. அதை ஓட்டுகிற மென்பொருளோ பழைய காலத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடுவேன் என்று அடம் பிடிக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விடுவதற்குள் மாமா அதை முழுசாக, உள்ளே இருந்த அத்தனை பேரின் கால் வடிவங்களோடும், புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய ஃபைலாகக் குடிவைத்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர். தினமும் காலையில் வெளியே இருப்பதைப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதையும் போட வேண்டும். வர்ச்சுவல் மெஷின் என்பார் மாமா. எங்கள் வாயில் அது ‘உள்மெஷின்’. இதுவரை ஆயிரத்து நூறு பேரின் கால் அதற்குள் இருக்கிறது. அது மாமா செய்த நல்ல காரியம், இல்லையென்று நான் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே தபால்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். போன வருஷம் ஒரு லாரி அவரையும் சைக்கிளையும் சேர்த்து அடித்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வேறு இடத்தில் செய்த கால் பொருந்தாமல் புண்ணாகி, ஊன்றுகோலோடு எங்களிடம் வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய தலைமை அலுவலகத்தில் சோதனை. எட்டு கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், நாற்பது படி ஏற வேண்டும். முடியாவிட்டால் நிரந்தரமாக முத்திரை குத்துகிற மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு தடவை தள்ளிப் போட்டாகிவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

“என்னை உக்கார வச்சா நான் செத்துடுவேன்ம்மா. முப்பது வருசமா நடந்த ஆளு நான்” என்று அவர் முந்தின நாள் அச்சு எடுக்கும்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முந்தின நாள் மாலையே அவர் அச்சை ஸ்கேன் பண்ணி உள்மெஷினில் ஏற்றி, வழக்கம்போல மாவு அச்சை உடைத்துப் போட்டுவிட்டேன். நண்பகல் பன்னிரண்டுக்குள் கட்டையைச் சீவ ஆரம்பித்தால் கூடு ஆறி, கால் மாட்டி, நடந்து பார்த்துச் சரிசெய்து, ஐந்தரை மணி பஸ்ஸில் அனுப்பிவிடலாம். கணக்கு சரியாக இருந்தது. உள்மெஷின்தான் எழுந்திருக்கவில்லை.

வெளி மெஷின் நன்றாகத்தான் வந்தது. மாமா உள்மெஷினின் படத்தின் மேல் அழுத்தினார். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, ‘தொடங்க இயலவில்லை’ என்று ஒரு பெட்டி வந்தது. அடியில் ஏழெட்டுப் பூஜ்யம் போட்ட ஒரு எண். மாமா அந்த எண்ணை ஒரு தாளில் எழுதினார். எதற்கும் இன்னொரு தாளிலும் எழுதினார்.

“என்ன மாமா ஆச்சு?”

“எழுந்திருக்க மாட்டேங்குதும்மா.”

“அது தெரியுது. ஏன்?”

“அதைச் சொல்லாம எழுந்திருக்க மாட்டேங்குது.”

அணைத்துப் போட்டார், அதே பெட்டி. வெளி மெஷினையே அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டுப் போட்டார், அதே பெட்டி. அடுத்து ஒரு கறுப்புத் திரைக்குள் போனார். உள்மெஷினுக்கு அனுமதி கொடுக்கிற பொத்தான் ஒன்று அங்கே இருக்கிறதாம், அது தானாக அணைந்துவிடுவது உண்டாம். அணையவில்லை. நினைவகத்தைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டினார். உள்மெஷினுக்கு ஒதுக்கிய நினைவகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். இரண்டு வயர்களைப் பிடுங்கி இடம் மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பழையதைப் பைக்குள் வைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுப் பார்த்தார். மெஷின் எழாததற்குக் கண்ணாடி என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்! மணி பத்தரை.

நடைக்கூடத்திலிருந்து தபால்காரர் குரல் கொடுத்தார். “என்னம்மா, என் கால் கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக்கிச்சா?”

“இதோ எடுத்துடுவோம்ண்ணே” என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மறுபடி அச்சு எடுத்து, அதில் மாவு ஊற்றிக் கையாலேயே கட்டை செய்துவிடலாமென்றால் அது காய ஒன்றரை நாள் வேண்டும்.

பதினொன்றுக்கு மாமா நிமிர்ந்தார். “இனிமே கொஞ்சம் பெரிய வைத்தியமாத்தான் பாக்கணும். அதுக்கு முன்னாடி எதுக்கும் உள்மெஷினை ஒரு நகல் எடுத்துக்குவோம்.”

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. “மாமா! எழுந்திருக்காத மெஷினுக்கு நகல் எடுத்தா இன்னொரு எழுந்திருக்காத மெஷின்தான் கிடைக்கும்! அங்க ஒரு மனுசன் ஒத்தைக் காலோட உக்காந்திருக்காரு!”

“ஒரு மணி நேரம்தாம்மா ஆகும்.”

“ஒரு மணி நேரம்தானே! நல்லாருக்கு! அப்புறம் அவருக்கு ஒரு முத்திரைக் கட்டையை நாமளே செஞ்சு குடுத்து அனுப்பிடலாம்!”

நான் என்ன கத்தினாலும் அவர் விரல் நகலெடுக்கிற இடத்துக்குப் போய்விட்டது. அழுத்தினார். உடனே ஒரு பெட்டி வந்தது. இடம் போதவில்லை, இன்னும் எழுபது ஜிபி வேண்டும் என்றது. மாமா ஹார்ட் டிஸ்க் வட்டில் மீதம் எவ்வளவு என்று பார்த்தார். ஒரு சினிமாப் பாட்டுக்குக்கூடக் காணாத இடம்தான் இருந்தது.

“அட!” என்றார். முகத்தில் வெளிச்சம் வந்தது. “வட்டு ரொம்பிடுச்சும்மா! எழுந்திருக்கும்போது அதுக்குன்னு கொஞ்சம் இடம் பிடிக்கணும். அது இல்லாமத்தான் படுத்திருக்கு!”

நோய் கண்டுபிடிபட்டது. எந்தப் பழக்கத்துக்காக நான் திட்டினேனோ அதுதான் கண்டுபிடித்தது. அடுத்த விநாடி, வட்டு ஏன் நிரம்பியது என்று கேட்டேன். அவர் திறந்து காட்டினார். வரிசையாக ஆறு கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முழு உள்மெஷின். புதுசு. புதுசு 2. கடைசி. உண்மையான கடைசி. இதுதான் கடைசி. அழிக்கலாம்.

“ஒரே வட்டுல ஆறு நகலா? வட்டே போச்சுன்னா ஆறும் சேந்துதானே போகும்?”

“அதுக்குத்தான் இன்னொரு வட்டு வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கேன்.”

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக நான் ஸ்கேன் ஏற்றும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வரும். நான் என்னவென்று படிக்காமல் மூடிவிடுவேன். கொசு அடிக்கிற மாதிரி கை தானாகப் போய்விடும். இடம் குறைகிறது என்று அது தினமும் என்னிடம் சொல்லியிருக்கிறது. திரை முன்னால் நின்றபடியே மாமாவிடமும் அதை ஒப்புக்கொண்டேன். அவர், “பரவால்லம்மா, எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க” என்றார்.

“சரி, அழிங்க.”

“எதை?”

“எதையாவது! ஒன்னு போனா போதும்ல?”

“அழிக்கிறதுக்கு முன்னாடி வேற வட்டுல எடுத்து வச்சிட்டா... கடைக்கு யாரையாவது அனுப்பி வாங்கிட்டு வரச் சொன்னா... எடுத்து வைக்க ரெண்டு மணி நேரம்...”

மணி பதினொன்றேகால். நடைக்கூடத்தில் தபால்காரர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் தத்திப் பழகிக்கொண்டிருந்தார். தொப்தொப்பென்று சத்தம் கேட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன்.

“இந்தாங்க, நீங்களே பேர் வச்சிருக்கீங்கல்ல, ‘அழிக்கலாம்’னு? இதைவிட வேற யாரு வந்து சொல்லணும்?” அதன்மேல் அழுத்தினேன். குப்பைத்தொட்டியில் போட முடியாத அளவு பெரியது, நிரந்தரமாக அழிக்கட்டுமா, ஆமா இல்லையா என்று கேட்டது. நான் ஆமாவுக்குப் போனேன்.

“எடுடீ கையை!”

மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னை ‘ஏம்மா’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. பிளாஸ்டிக் உருக்குகிற அடுப்புக்காரர் இடுக்கியோடு எட்டிப் பார்த்தார். நான் மவுஸை விட்டேன். மாமா ‘இல்லை’யை அழுத்தினார்.

பிறகு உள்மெஷினின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்கிற வரியைக் காட்டினார். ‘அழிக்கலாம்’ என்று இருந்தது.

“ரெண்டு வருசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை இதே மாதிரி படுத்துக்கிச்சு” என்றார். “ஒவ்வொரு நகலா ஓட்டிப் பாத்தேன். இது ஒன்னுதான் ஓடுச்சு. அப்படியே விட்டுட்டேன். பேரை மாத்தலாம்னு நினைச்சேன். ஓடுறதைத் தொட வேணாமேன்னு பயந்து மாத்தல.”

ஆயிரத்து நூறு கால். நேற்று ஏற்றிய தபால்காரர் கால். அச்சு குப்பையில், வடிவம் இதற்குள். இன்னும் ஒரு சொடுக்கு. நான் பக்கத்தில் கிடந்த நுரைக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா எனக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் இன்னொரு பாட்டிலையும் எடுத்து நீட்டினார். அப்புறம் திரைப் பக்கம் திரும்பினார். அந்த வரியை மூன்று தடவை படித்தார். நான்காவது தடவை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு மவுஸை ‘புதுசு’ மேல் வைத்து, நிரந்தரமாகவா என்று அது கேட்டதும், நடைக்கூடத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆமாவை அழுத்தினார். நகல் எடுக்காமல் அவர் எதையாவது அழித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பல்லைப் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

‘புதுசு 2’ போனது. ‘கடைசி’ போனது. ‘உண்மையான கடைசி’க்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினார், அதுவும் போனது. ‘இதுதான் கடைசி’யில் வந்து நின்றார்.

“இது ஒன்னு மட்டும்...” என்றார்.

“இருக்கட்டும் மாமா” என்றேன்.

உள்மெஷினை அழுத்தினார். வட்டம் சுற்றியது. திரை கறுத்தது. ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நின்றது. நாங்கள் மூச்சுவிடவில்லை. அடுப்புக்காரரும் விடவில்லை. பிறகு அந்தப் பழைய காலத்து வரவேற்பு இசை கொஞ்சம் கரகரவென்று ஒலித்தது. தினமும் காதைப் பொத்த வைக்கிற இசை, அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. மணி பதினொன்று ஐம்பது.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். கட்டை சீவியது, பிளாஸ்டிக் போர்த்தியது, அடுப்புக்காரர் சாப்பிடாமல் ஆறவைத்தது, மூன்றரைக்குக் காலை மாட்டியது. தபால்காரர் கம்பியைப் பிடித்து எழுந்தார். ஒரு அடி. இரண்டு அடி. நாலாவது அடியில் கம்பியை விட்டார்.

“வலிக்குதாண்ணே?”

“வலிக்கல. அதான் பயமா இருக்கு” என்றார்.

எட்டு கிலோவுக்குப் பை வேண்டுமே என்று தேடினோம். மாமா தன் பையைக் கொடுத்தார். எடை போட்டால் ஒன்பதேகால் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கூடத்தைப் பதினாறு சுற்று சுற்றினார். கூட்டில் இரண்டு இடத்தில் சூடு காட்டித் தளர்த்தினோம். ஐந்தே காலுக்கு அவரே நடந்து பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு பட்டறை மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அடுப்புக்காரர் வாய் சும்மா இருக்குமா? ஏதோ போட்டுக் கொடுத்திருந்தார். ஓடுகிற மெஷினையே யாரோ அழிக்கப் போனார்களாமே என்று மேலாளர் கேட்டார். மூன்று வாரமாகப் பெட்டியை மூடியது நான், மவுஸைப் பிடுங்கியது நான். வாய் வரைக்கும் வந்தது. வார்த்தை வெளியே வரவில்லை.

அதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. மேலாளர் எடுத்தார், கேட்டார், முகம் மாறியது. ஒலிபெருக்கியைப் போட்டார். தபால்காரர்.

“நாப்பது படியும் ஏறிட்டேன் சார்! ஏறத்தான் சொன்னாங்க. இறங்குறதைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கல. நானே இறங்கியும் காட்டிட்டேன்! திங்கக்கிழமைலேர்ந்து என் தெருவை எனக்கே குடுத்துட்டாங்க!” அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “அந்தக் கம்ப்யூட்டர் சாருக்கு நான் நன்றி சொல்லணும் சார். அவருகிட்ட குடுங்க.”

மேலாளர் போனை மாமா பக்கம் தள்ளினார். மாமா அதை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இவகிட்ட சொல்லச் சொல்லுங்க சார். நேத்து அவசரத்துல எல்லாத்தையும் அழிக்கப் போனது நான்தான். இவதான் என் கையைப் பிடிச்சு நிறுத்தினா.”

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போனை என் கையில் கொடுத்தார். “நீங்க நல்லாருக்கணும்மா, நீங்க மட்டும் இல்லன்னா...” என்று தபால்காரர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே போனார். “சரிங்கண்ணே, சரிங்கண்ணே” என்றேன். மாமா எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வரும்போது அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.